அம்மா ஏறக்கூடிய உயரம்



சென்ற இதழில் இரவு வேலை முடித்து வருபவர்கள் பகலில் எப்படித் தூங்குவது என்று எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு வந்து பேசிய எல்லோருக்கும் நன்றி. இந்த முறை மருத்துவம் கொஞ்சம், கார் அதிகம். காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டு கிழமைக்கு முன் ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். வெளியே கார் நிறுத்தும் இடத்தின் ஏற்றத்தில் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். வாலிபர் ஒருவரின் காரின் முன் பம்பர் நிலத்தில் உரசியிருந்தது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். என் பக்கத்தில் நின்ற தம்பிக்கோ கண் மின்னியது. “அக்கா, உங்கட தம்பியும் முந்திக் காரை இறக்கினவர்தானே? காசு குறைஞ்ச கொயில்ஓவர் கிட் ஒண்டு சொல்லுங்கோவன்” என்றார்.

அருகில் இருந்த ஆன்ரி ஒருவருக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. “கோயில் ஓவரோ? இன்னும் தேத்தண்ணியே முடியேல்லையே, மோனே!”

சிரிப்பில் அந்தக் கேள்வி அப்படியே போய்விட்டது. ஆனால் அந்தத் தம்பிக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். ஒரு கிட்டின் பெயரைச் சொல்லி முடிக்கிற பதில் அல்ல.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. எலும்பு மூட்டு வார்டில் வேலை செய்யும் தாதி. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வீட்டு வாசலில் தம்பிக்கு ரோர்ச் பிடித்தவள். அந்தக் காரில் பின்னுக்கும் முன்னுக்கும் இருந்து போனவள். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

230 பவுண் பெட்டி

தம்பிக்கு அப்போது 23 வயது. 2011ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஒன்றைச் சொந்த உழைப்பில் வாங்கியிருந்தான். வேலைக்குப் போக, அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போக, ஞாயிறு ஆராதனைக்கு வர, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கார்தான். ஓகஸ்ட் மாதம் ஒரு பெரிய பெட்டி வந்திறங்கியது. விலை 230 பவுண். பெயர்பெற்ற கிட் ஒன்றுக்கு அதைப் போல் நான்கு மடங்கு கேட்டார்கள்.

“ஏன்டா இப்ப இது?” என்று கேட்டேன்.

“அக்கா, சில்லுக்கும் மட்கார்ட்டுக்கும் இடையில இருக்கிற இடைவெளியைப் பாருங்கோ. ஜீப் மாதிரி நிக்குது. இது அட்ஜஸ்ட் பண்ணலாம். எப்ப வேணுமெண்டாலும் ஏத்தலாம், இறக்கலாம்.”

இந்தக் கடைசி வசனத்தை நினைவில் வைத்திருங்கள். பிறகு அதற்குத் திரும்ப வருவேன்.

கொயில்ஓவர் என்றால் என்ன? ஒவ்வொரு சில்லிலும் இரண்டு பொருட்கள் வேலை செய்கின்றன. ஸ்பிரிங் காரின் பாரத்தைத் தாங்குகிறது. ஷொக் அப்சோபர் அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்கவிடாமல் அடக்குகிறது. ஷொக் அப்சோபரின் உடலில் திருகுப் புரி வெட்டி, ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை அந்தப் புரியில் மேலும் கீழும் திருகக்கூடியதாகச் செய்திருப்பதுதான் கொயில்ஓவர். கோல்ஃபின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் தனித்தனியாக இருப்பதால், அங்கே ஸ்பிரிங்கோடு ஒரு புரி வளையம் மட்டும் வரும்.

வளையத்தைக் கீழே திருகினால் கார் இறங்கும். கேட்க எளிதுதான். ஆனால் சில்லு ஒரு மேட்டில் ஏறும்போது, அது மேலே போய்வர ஓர் இடம் வேண்டும். காரை 60 மில்லிமீற்றர் இறக்கினால் அந்த இடத்தில் ஏறக்குறைய 60 மில்லிமீற்றர் போய்விடுகிறது. மிஞ்சிய சின்ன இடத்துக்குள் அதே மேட்டைச் சமாளிக்கத்தான் ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறார்கள். கடினமான ஸ்பிரிங்கை அடக்க அதற்குப் பொருத்தமான ஷொக் அப்சோபர் வேண்டும். நல்ல கிட்டின் விலை பெரும்பாலும் அங்கேதான் போகிறது. மலிவான கிட்டுகள் பலவற்றில் உயரத்தை மட்டும்தான் மாற்றலாம். அடக்கும் அளவு அவர்கள் வைத்தது வைத்ததுதான்.

இடம் முடிந்துவிட்டால், கடைசியில் இருக்கும் ஒரு சின்ன நுரைக்கட்டையில் போய் இடிக்கும். மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுவதைத் தினமும் பார்க்கிறவள் நான். அந்தக் காரில் முதல்முறை வேகத்தடையில் ஏறியபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் 1999ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு வேகத்தடை 100 மில்லிமீற்றர் உயரம் வரை இருக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து பிரதான வீதிக்குப் போவதற்குள் அப்படி ஏழு இருக்கின்றன.

நல்லதையும் சொல்லவேண்டும். முதல்நாள் அவன் என்னை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் திருப்பியபோது கார் சரியாமல் நிலத்தை ஒட்டிக்கொண்டு போனது. பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. இளம் பிள்ளைகள் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்று அன்று விளங்கியது. அதனால் “இதெல்லாம் வீண் வேலை” என்று நான் சொல்லப்போவதில்லை.

வெளியே தெரியாத பக்கம்

பூட்டி முடித்ததும் அவன் விட்ட முதல் பிழை, சில்லு அலைன்மென்ட் பார்க்காதது. “நேராத்தானே ஓடுது” என்றான். கார் இறங்கும்போது சில்லைப் பிடித்திருக்கும் கைகளின் கோணம் மாறுகிறது. சில்லின் மேல்பகுதி உள்ளே சாய்கிறது. இரண்டு சில்லுகளும் ஒன்றையொன்று பார்க்கும் திசையும் மாறுகிறது. அதனால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியே நின்று பார்த்தால் டயர் புதிது போலவே இருக்கும்.

ஜனவரியில் ஒருநாள் இரவு வேலை முடிந்து, என் கார் கராஜில் இருந்ததால் அவனுடையதை எடுத்துக்கொண்டு வந்தேன். மழை. ரவுண்டபவுட்டில் முன்பக்கம் லேசாக வழுக்கியது. வீட்டுக்கு வந்து ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, ரோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்விளிம்பில் ரப்பர் போய்க் கம்பிநூல் தெரிந்தது. அந்தச் சில்லில் முந்தின ஞாயிறு ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சோற்றுப் பானையும் வைத்து, எம் 25இல் போய்வந்திருந்தோம்.

கை நடுங்கியது. அவனை எழுப்பிக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அன்றே இரண்டு டயர் மாற்றி, அலைன்மென்ட் செய்துகொண்டு வந்தான்.

அதே கிழமை இன்னொன்றும் கேட்டேன். “காப்புறுதிக்காரருக்குச் சொன்னனியோ?” சொல்லியிருக்கவில்லை. பிரிட்டனில் காப்புறுதி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும், காரில் மாற்றம் ஏதும் செய்திருக்கிறதா என்று கேட்பார்கள். அதற்கு உண்மையாகப் பதில் சொல்ல நியாயமான கவனம் எடுக்கவேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுச் சட்டம். இடையில் செய்யும் மாற்றத்தையும் அறிவிக்கச் சொல்லிப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். மறைத்தால் விபத்து நேரத்தில் பணத்தைக் குறைக்கலாம், மறுக்கலாம், ஒப்பந்தத்தையே இரத்துச் செய்யலாம். ஒருமுறை இரத்தானால் அதன் பிறகு யாரிடம் காப்புறுதி கேட்டாலும் அதைச் சொல்லவேண்டி வரும். காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் குறைந்தது 6 புள்ளி. அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் அந்தப் பத்திரமே பறிபோகும். அவன் தொலைபேசி எடுத்துச் சொன்னான். மேலதிகமாக 90 பவுண் கேட்டார்கள். கட்டினான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிட் 230. புதிய மேல் மவுண்ட், ஒருமுறைதான் பாவிக்கக்கூடிய போல்ட்டுகள் 70. டயர் இரண்டு 160. அலைன்மென்ட் 60. காப்புறுதி 90. மொத்தம் 610 பவுண். “230 பவுண் வேலை” என்று தொடங்கியது இது.

அம்மாவின் இடுப்பு

அம்மாவுக்கு நெடுநாளாக இடுப்பு மூட்டுத் தேய்வு. அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வா, “நான் இதுக்குள்ள ஏறுறேல்ல மோனே, விழுறனான்” என்று. இறங்குவதற்கு ஒரு கை அவனுக்கு, ஒரு கை கதவுக்கு. நாங்களும் சிரித்தோம். தாதியான நானும் சிரித்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

மார்ச் மாதம் இடுப்பு மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சைக்குத் திகதி வந்தது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு முதல் சில கிழமைகளுக்கு, புது மூட்டு விலகாமல் இருக்க, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடிக்கவேண்டாம் என்று எங்கள் வார்டில் சொல்லி அனுப்புவோம். தாழ்ந்த கதிரை, தாழ்ந்த கழிப்பறை, தாழ்ந்த கட்டில் எல்லாம் கவனம். உட்காரும்போது முழங்காலை விட இடுப்பு தாழக்கூடாது. அதற்காகவே வீட்டுக் கதிரையின் உயரத்தை முன்கூட்டியே அளந்து எழுதித் தரச் சொல்வோம்.

எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் படிவத்தை நான் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கதிரையையும் அளந்தேன். கட்டிலை அளந்தேன். அளவு நாடாவோடு வாசலுக்குப் போய்க் காரின் முன் இருக்கையை அளந்தபோதுதான் நின்றேன். அம்மாவுக்கு வேண்டிய உயரத்தை விட 5 சென்ரிமீற்றர் குறைவு. இறக்கியது 6 சென்ரிமீற்றர்.

“பரவாயில்லை அக்கா. அதுக்குத்தானே அட்ஜஸ்ட் பண்ணுற கிட். ஏத்தி விடுறன்” என்றான் தம்பி.

சனிக்கிழமை காலை சில்லைக் கழற்றினான். புரி முழுக்கச் செந்நிறத் துரு. ஒரு குளிர்காலம் முழுக்க வீதியில் தூவிய உப்பு, ஈரத்தோடு சேர்ந்து வளையத்தை ஷொக் அப்சோபரோடு ஒட்டவைத்திருந்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டான். கொக்கிச் சாவி வழுக்கி விரல் மூட்டில் தோல் போனது. பின்பக்கம் இரண்டும் அசைந்தன. முன்பக்கம் இரண்டும் அசையவேயில்லை. பின்னை மட்டும் உயர்த்தினால் கார் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும், விளக்கின் வெளிச்சமும் நிலத்தில் விழும். ஞாயிறு மாலை எல்லாவற்றையும் பழையபடி பூட்டிவிட்டு, படியில் இருந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. சபையில் இருக்கும் ஓர் அங்கிளிடம் உயரமான கார் இருக்கிறது. அவர்தான் வந்தார். இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தைச் சாய்த்து, திரும்புவதற்கு வசதியாக ஒரு பொலித்தீன் பையை விரித்து, தலையணையும் வைத்துக் கொடுத்தவன் தம்பிதான். அம்மா முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு மெதுவாகக் கால்களை உள்ளே எடுத்தா. வலிக்கவில்லை. அவன் கதவைச் சாத்திவிட்டுத் தன் காரில் பின்னால் வந்தான்.

ஏழு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அவன் நின்று, சரித்து, ஊர்ந்து ஏறவேண்டும். நாங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவை உள்ளே கூட்டிப்போய், கதிரையில் இருத்திவிட்டோம். “தம்பி எங்க?” என்று அம்மா கேட்டா. பத்து நிமிடம் கழித்துத்தான் அவன் வந்தான். வாசலில் நின்றுகொண்டு, “அம்மா, நோகேல்லைத்தானே?” என்று மட்டும் கேட்டான்.

இப்போது அந்தக் கார்

அடுத்த இரண்டு சம்பளத்தில் அவன் எல்லாவற்றையும் மாற்றினான். புதிய சாதாரண ஷொக் அப்சோபர் நான்கு. அவற்றோடு பாவிக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் ஸ்பிரிங் நான்கு. இறக்கம் 30 மில்லிமீற்றர், அதை மாற்ற முடியாது. சில்லுக்கு மேல் இருந்த பெரிய இடைவெளி குறைந்துவிட்டது. வளைவில் நன்றாகத் திரும்புகிறது. அம்மா ஒரு தலையணையோடு ஏறுகிறா. ஆராதனைக்கு அந்தக் காரில்தான் வருகிறா, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை இறக்கிய கார் என்று உங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

ஆகவே, கேட்ட தம்பிக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்லக்கூடியவை இவை:

1. வாங்கும் முன் அளவுங்கள். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். நிலத்திலிருந்து அளந்தால் டயரின் காற்று கணக்கைக் குழப்பும். முன் இருக்கையின் உயரத்தையும் எழுதுங்கள். உங்கள் காரில் வழக்கமாக ஏறும் பெரியவரை அதில் இருத்திப் பாருங்கள்.

2. தினமும் ஓடும் ஒரே கார் என்றால் 25 முதல் 30 மில்லிமீற்றருக்குள் நில்லுங்கள். புதிய ஸ்பிரிங் ஓரிரு கிழமையில் இன்னும் சில மில்லிமீற்றர் தானாக இறங்கும். கையில் காசு குறைவு என்றால், மலிவான கொயில்ஓவரை விட, நல்ல நிலையில் உள்ள ஷொக் அப்சோபரோடு பெயருள்ள நிறுவனத்தின் ஸ்பிரிங் நல்லது.

3. கொயில்ஓவர்தான் வேண்டும் என்றால், ஜெர்மனியின் டி.யூ.வி. சோதனைப் பத்திரம் உள்ள கிட்டைத் தேடுங்கள். எந்தக் காருக்கு எவ்வளவு வரை இறக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஜெர்மனியில் இருக்கும் உங்கள் மச்சான்மாரைக் கேளுங்கள். அங்கே அந்தப் பத்திரத்தோடு காரைக் காட்டி அங்கீகாரம் வாங்காமல் ஓட்ட முடியாது.

4. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவது விளையாட்டு வேலை அல்ல. மேல் மவுண்ட்டை எடுக்க, அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கை இன்னும் அழுத்தவேண்டும். சரியான கருவி இல்லாவிட்டால் கராஜில் கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவே வேண்டாம், தாங்கி வையுங்கள். இது தாதியாகச் சொல்வது.

5. ரப்பர் புஷ் உள்ள கைகளின் போல்ட்டுகளைக் கார் தன் சில்லில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசியாக இறுக்கவேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும்.

6. பூட்டிய கிழமையே அலைன்மென்ட் செய்து, விளக்கின் உயரத்தையும் சரிபாருங்கள். எம்.ஓ.டி. சோதனையிலும் விளக்கைப் பார்ப்பார்கள். மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு டயரின் உள்விளிம்பைப் பாருங்கள். 1.6 மில்லிமீற்றர் என்பது சட்டத்தின் கடைசி எல்லை, அதுவரை காத்திருக்கவேண்டாம்.

7. ஐந்து பேரை ஏற்றி, டிக்கியில் பாரம் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தனியே ஓடும்போது உரசாத டயர் குடும்பத்தோடு போகும்போது உரசும்.

8. புரிகளைக் குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும் தூரிகையால் கழுவி, பாதுகாப்பு மெழுகு அடியுங்கள். இல்லாவிட்டால் ‘எப்ப வேணுமெண்டாலும் ஏத்தலாம்’ என்பது ஒரு குளிர்காலம் வரைதான்.

9. காப்புறுதிக்காரருக்கு முதல்நாளே சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களை எறியாதீர்கள். தம்பி அவற்றை இருபது பவுணுக்கு விற்றுவிட்டான். அன்று ஷெட்டில் இருந்திருந்தால், அந்த ஞாயிறு மாலையே பூட்டியிருப்பான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை காரில் கைவைக்கும்போது ஏசுவதோடு நிறுத்தாதீர்கள். வாசலுக்கு வந்து ரோர்ச் பிடியுங்கள். எவ்வளவு இறக்கப்போகிறான், அலைன்மென்ட்டுக்குக் காசு வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். நான் பக்கத்தில் நின்றும் அந்தக் கேள்விகளை ஓகஸ்டில் கேட்கவில்லை. ஜனவரியில்தான் கேட்டேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தேன். விரல் மூட்டில் இருந்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டே வாசித்தான். “ஒண்டு விட்டிட்டீங்கள் அக்கா” என்றான். “என்ன?” என்றேன். “கேட்ட ஆளை இந்த ஞாயிறு என்னட்ட அனுப்புங்கோ. வாங்க முதல் எங்கட காரில ஒருக்கா ஏறிப் பாக்கட்டும். அம்மாவைப் பக்கத்தில இருத்திக்கொண்டு.”

அனுப்புகிறேன். தேநீர் முடிந்த பிறகு.

அன்புடன்,
உங்கள் தாதி அக்கா